வசிக்கத் தகுதியற்ற வீடு, வரிசை எண் 31

காலை மணி பத்து நாற்பது. இதை நான் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும்போதும் படிவத்தில் நேரம் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. வரிசை எண் 32, வீட்டுத் தலைவர் பெயர் ஏழுமலை, நுழைந்த நேரம் 10.40 என்று எழுதிக்கொண்டிருந்தபோது சாலைப் பக்கமிருந்து சத்தம் வந்தது. பெரிய மரம் சாயும்போது முதலில் நெடுநேரம் முனகும்; பிறகுதான் விழும். அந்த முனகலில் என் பேனா நின்றது. மரம் விழுந்தபோது நாற்பதின் சுழியம் வால் முளைத்துக் காகிதத்தின் ஓரம்வரை ஓடியது.

ஏழுமலை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "புளியமரம் போச்சு" என்றார், அடுத்த வீட்டில் தட்டு விழுந்ததைச் சொல்வதுபோல. "ரோட்டை அடைச்சிட்டாங்க. இனிமே பஸ்ஸு கிஸ்ஸு ஒண்ணும் வராது. நீங்க எழுதுங்கம்மா."

நான் எழுதவில்லை. அந்தச் சாலைக்கு மறுபக்கம், ஒரு மைல் தள்ளி, வரிசை எண் 31-ல் என் ஆறு வயதுப் பெண் கயல்விழி இருந்தாள். அந்த வீட்டைப் பற்றி ஒன்பதரை மணிக்கு நானே என் கையால் எழுதியிருந்தேன்: "வசிக்கத் தகுதியற்றது."

இருபத்துநாலு வருடம் ஒரு கூட்டுறவு வீட்டுக் கடன் சங்கத்தில் கள ஆய்வாளராக இருந்தேன். போன வருடம், ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் ஒத்துழைக்காததால் விருப்ப ஓய்வு பெற்றேன். என் இடத்துக்கு வந்திருக்கும் இரண்டு பெண்கள் கணினியில் மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தே ஒரு ஊரின் வீடுகளை எண்ணிவிடுகிறார்கள். விடைபெற்ற அன்று, "அக்கா, நீங்க வீடு வீடாப் போய் என்னதான் பார்ப்பீங்க?" என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்டார்களா, மெய்யாகவே கேட்டார்களா தெரியாது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். செங்கல், சுண்ணாம்பு, உத்தரம், தேய்மானச் சதவீதம். ஏழாவது வாரம் தணிகாசலம் சாரிடம் அனுப்பினார்கள். முதல் ஆறு வாரமும் மறந்துபோயிற்று.

தணிகாசலம் சார் எங்கள் மேற்பார்வையாளர். ஒல்லியான உருவம், வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை, சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். யாரையும் அவர் திட்டியதில்லை. நாம் தவறாக எதையாவது சொன்னால், "அப்படியா?" என்பார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்து வேலையை விட்டுப் போனவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

அவருடைய முறை இது. ஒரு வீட்டுக்குள் போனதும் முதலில் தண்ணீர் கேட்டுக் குடிக்க வேண்டும். எந்தத் தெருவாக இருந்தாலும் சரி. குடித்த பிறகுதான் குடிநீர் என்ற கட்டத்தில் எழுதலாம். "நாக்குல படாததை எழுதாதம்மா" என்பார். அடுத்து, கூரையைப் பார்க்கக் கூடாது. தரையைப் பார்க்க வேண்டும். சாணம் மெழுகிய தரையில் சின்னச் சின்னக் குழிகள் எங்கே இருக்கின்றனவோ, அதற்கு நேர் மேலே ஒழுகுகிறது. "கூரை ஒழுவுதான்னு கேட்டா, கடன் வேணுங்கிறவன் ஒழுவுதும்பான், பொண்ணு பார்க்க வரப்போறாங்கன்னா ஒழுவலைம்பான். தரைக்கு அந்த வித்தை தெரியாது." கடைசியாக, சுவரில் இடுப்புயரத்தில் உள்ளங்கையை வைத்து இருபது எண்ண வேண்டும். கை சில்லிட்டால் ஈரம் ஏறியிருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் கதவு நிலையில் காவியால் வரிசை எண் போட்டுப் பக்கத்தில் ஒரு குறி போட வேண்டும். நல்ல வீட்டுக்கு வட்டம். வசிக்கத் தகுதியற்ற வீட்டுக்குப் பெருக்கல். பெருக்கல் போட்ட வீட்டுக்குத்தான் முதலில் கடன்.

பதினாலாவது கட்டம் ஒன்று இருந்தது: "இவ்வூரில் வீட்டு விலையின் வருங்கால நிலவரம்." மதராசில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்த யாரோ யோசித்துச் சேர்த்த கட்டம் அது. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கம் என்னை முதல்முறை கூட்டிக்கொண்டு போனபோது அந்தக் கட்டத்தின் லட்சணம் தெரிந்தது. மண் சுவர், புல் வேய்ந்த கூரை, துடைத்துவிட்டதுபோல் சுத்தமான வீடு. தண்ணீர் குடித்தேன், தரையைப் பார்த்தேன், சுவரில் கை வைத்தேன். பிறகு வீட்டுக்காரரிடம், "இந்த வீட்டை வித்தா என்ன விலை போகும்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். "ஏன், இந்தம்மாவுக்கு வூடு இல்லியா?" என்றார்.

"இருக்குதுங்க. சும்மா ஒரு பேச்சுக்கு."

"யாருக்கு விக்கிறது? இந்தப் பக்கம் இருக்கறவன் மச்சான். அந்தப் பக்கம் சித்தப்பன். அவங்களுக்கு வூடு வேணும்னா நாலு பேரு சேர்ந்து கட்டிக் குடுத்துட்டுப் போறோம். காசு வாங்கினா மூஞ்சில முழிக்க முடியுமா?" என்று சொல்லிவிட்டு, வீடு இல்லாதவள் என்ற இரக்கத்தில் எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்.

இறங்கி வரும்போது, "பதினாலாம் கட்டத்துல என்ன சார் எழுத?" என்றேன்.

"மலையில கோடு போடு. சமவெளியில ஒரு வழி இருக்கு" என்றார் சார். "வெளியூர்க்காரன் இந்த ஊருக்குப் பொண்ணு குடுக்கிறானான்னு கேளு. தண்ணிக்கு ஒரு மைல் நடக்கணும், பஸ்ஸு கிடையாது, மழை பெஞ்சா பாதை கிடையாதுன்னா எந்தத் தகப்பனும் யோசிப்பான். பொண்ணு வராத ஊர்ல வீட்டு விலை ஏறாது. கடைசியா கல்யாணமாகி வந்த மருமகளைக் கேளு, அது உண்மையைச் சொல்லும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஊரிலும் போய், "உங்க ஊருக்குப் பொண்ணு குடுக்கிறாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தேன். என்னைக் கல்யாணத் தரகர் என்று நினைத்து ஜாதகம் எடுத்து வந்தவர்கள் உண்டு. அந்த முறைப்படி நான் எழுதிய ஆருடங்களில் பாதி பொய்த்துப் போயின என்பதையும் சொல்லிவிடுகிறேன். "விலை ஏற வாய்ப்பில்லை" என்று நான் முடித்துவைத்த ஓர் ஊரின் வழியாக இன்று பெரிய சாலை போகிறது. மருமகள்கள் கண்ணீர் விட்ட மேட்டில் இப்போது மனை விற்பவர்களின் கொடி பறக்கிறது. சார் இருந்திருந்தால், "அப்படியா?" என்றிருப்பார்.

அந்தப் பத்து நாற்பதுக்கு வருகிறேன்.

படிப்பிலும் அரசு வேலையிலும் பங்கு கேட்டு எங்கள் பக்கத்து மாவட்டங்களில் கிளர்ச்சி நடந்த காலம் அது. மறியல் வரும் என்று ஒரு வாரமாகவே பேச்சு. கேட்டவர்களின் நியாயம் பெரிது. அதை எழுத நான் ஆளில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், கயல்விழியின் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள் என்பதுதான். என் கணவருக்குச் சேலத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். உளுந்தூர்பேட்டையில் வாடகை வீட்டில் நானும் பெண்ணும் மட்டும். மாத முடிவுக்குள் நாற்பது வீடு முடிக்க வேண்டும். மறியல் நாளைக்குத்தான் என்று பஸ் நிலையத்தில் யாரோ சொன்னதை நம்பி, பெண்ணையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன். பதினாலாம் கட்டம் எழுதி எழுதி, நாளைக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன் போலிருக்கிறது.

களமருதூர்ப் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். முந்தின நாளே ஊருக்குள் இருபத்தாறு வீடு முடித்து நிலையில் காவி அடித்திருந்தேன். அன்று காலை முதலில் சாலையைத் தாண்டிக் காலனிக்குப் போனேன். அங்கே இருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வெயில் ஏறுவதற்குள் பிடிக்க வேண்டும். ஐந்தாவது வீடு அஞ்சலையுடையது. முப்பது வயதிருக்கும், வாட்டசாட்டமான பெண். அன்று விடியற்காலையில் அவளுடைய ஆடு குட்டி போட்டிருந்ததால் வேலைக்குப் போகவில்லை.

தண்ணீர் குடித்தேன். தரையில் பதினோரு குழி. சுவரில் கை வைத்து ஐந்து எண்ணுவதற்குள் சில்லிட்டது. கூரை கரும்புத் தோகை.

"இன்னாம்மா, வூட்டுக்கு ஜொரமா? கையை வெச்சிப் பார்க்கிறியே" என்றாள் அஞ்சலை.

நான் பெருக்கல் போட்டுவிட்டுக் கிளம்பினேன். கயல்விழி நகரவில்லை. ஆட்டுக்குட்டி நிற்கப் பழகிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு முறை விழும்போதும் இவள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்மா. வெயில்ல இட்டுக்கினு போயி இன்னா பண்ணப் போற? நீ போய்ட்டு வா. நான் எங்கியும் போவலை" என்றாள் அஞ்சலை.

விட்டுவிட்டு வந்தேன். வசிக்கத் தகுதியற்றது என்று எழுதிய மை காய்வதற்குள், அந்த வீட்டில் என் பெண்ணை விட்டுவிட்டு வந்தேன்.

மரம் விழுந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஏழுமலை வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. தெருவில் இருபது பேருக்கு மேல் நின்றிருந்தார்கள்.

"எங்கம்மா கெளம்பிட்டீங்க? உக்காருங்க" என்றார் ஒருவர். மரியாதைக்குக் குறைவே இல்லை. நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். பெரிய சொம்பில் மோர் வந்தது. "மோர் குடிங்க. ஆனா போவக் கூடாது."

"ஏன்?"

ஒரு பெண் கதவு நிலையைக் காட்டினாள். "நேத்து வந்தே. வூட்ல ஆம்பளைங்க எத்தினி பேருன்னு கேட்டே. கதவுல நம்பரு போட்டே. இன்னிக்கு மரம் வுழுது. நாளைக்குப் போலீஸு வந்து நம்பரைப் பார்த்துப் பார்த்து இட்டுக்கினு போவும். அதானே?"

"பொண்ணு குடுக்கிறாங்களான்னு வேற கேட்டுச்சு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "அதுக்கும் போலீஸுக்கும் இன்னா சம்பந்தம்னுதான் புரியலை."

பிற்பாடு யோசித்தால், அவர்கள் வாதத்தில் ஒரு குறையும் இல்லை. நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் மோர்கூடக் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அப்போது எனக்கு வாதம் கேட்க நேரமில்லை.

"என் பொண்ணு அந்தப் பக்கம் இருக்கா. ஆறு வயசு. நான் போகணும்."

"எந்தப் பக்கம்?"

"காலனியில. அஞ்சலை வீட்டுல."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தார். "அங்கியா வுட்டுட்டு வந்தீங்க? ஒண்ணும் ஆவாதும்மா. நம்ம ஊரு ஆளுங்க அங்க போவ மாட்டாங்க."

"வேற ஊர் ஆளுங்க?"

அவர் தலையை நிமிர்த்தித் தன் வீட்டு ஓடுகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கூரை என்ற கட்டத்தில் ஓடு, தோகை, ஓலை, புல் என்று வரிசையாக எழுதியிருக்கிறேனே தவிர, கலவர நாளில் அந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று அதுவரை யோசித்ததில்லை. யார் யாரோடு சண்டை போட்டாலும், கடைசியில் எரிவது தோகை வேய்ந்த கூரைதான். இது அங்கே நின்ற இருபது பேருக்கும் தெரிந்திருந்தது. முப்பத்தொரு வீடு எழுதிய எனக்குத்தான் தெரியவில்லை.

என் குரல் உயர்ந்துவிட்டது. "ஐயா, இது போலீஸ் குறி இல்லை. வட்டம் போட்டா நல்ல வீடு. பெருக்கல் போட்டா மோசமான வீடு. மோசமான வீட்டுக்குத்தான் முதல்ல கடன் வரும். இவ்வளவுதான். என்னை விடுங்க."

இதைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"இரு இரு. பெருக்கல் போட்டா லோனு வருமா?"

"வரும்."

"அப்ப எனக்கு இன்னாத்துக்கு வட்டம் போட்டே?"

"உங்க வீடு நல்லா இருக்குங்க."

"நல்லா இருக்குதுன்னு யாரு சொன்னா? மழையில வந்து பார்த்தியா? தே, ராத்திரி முச்சூடும் குந்திக்கினே இருக்கறோம்!"

"நேத்து நீங்களே ஒழுகலைன்னு சொன்னீங்களே?"

"அது நீ பொண்ணு விசாரிக்க வந்திருக்கறேன்னு நெனச்சு சொன்னது!"

"எனக்கும் வட்டந்தான் போட்டுது இந்தம்மா. எம்மாம் ஓர வஞ்சனை பாரு."

போலீஸ் பயம் போன இடம் தெரியவில்லை. இப்போது வேறு காரணத்துக்காக என்னை விட மறுத்தார்கள். ஒவ்வொருவராக வந்து தன் வீடு எவ்வளவு கேடுகெட்ட வீடு என்று நிரூபிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் தன் வீட்டுச் சுவரைக் காலால் உதைத்துக் காட்டினார். நல்ல கட்டுமானம், கால்தான் வலித்திருக்கும். நேற்றுவரை ஊரிலேயே பெரிய வீடு என்று பெயரெடுத்த வீட்டுக்காரர், பாம்பு குடியிருக்கிறது என்று சத்தியம் செய்தார். சாலைப் பக்கம் இன்னொரு மரம் முனகியது.

நான் பையைத் திறந்து காவி டப்பாவையும் குச்சியையும் எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். "எல்லாருக்கும் பெருக்கல் போட்டுக்கோங்க. நான் கேக்கலை. என்னை விட்டா போதும்."

இருபத்துநாலு வருடத்தில் நான் தெரிந்தே விதியை மீறியது அந்த ஒரு தடவைதான். அரை மணி நேரத்தில் ஊர் முழுவதும் பெருக்கல். வண்டிக் கொட்டகைக்குக்கூட ஒன்று போட்டார்கள். பின்னால் தணிகாசலம் சார் அந்த ஊரை முழுக்கத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. என்மேல் ஒரு வரி எழுதவில்லை.

ஏழுமலை கூட வந்தார். "தனியாப் போவாதீங்க, வழியில நம்ம பசங்க கத்தியும் கோடாலியுமா நிப்பானுங்க. என்னைப் பார்த்தா வுட்டுடுவானுங்க." விட்டார்கள். சாலையில் கிளைகளுக்கிடையே குனிந்தும் ஏறியும் போனோம். புளியம்பிஞ்சு காலெல்லாம் நசுங்கியது.

காலனியில் ஒருவரும் இல்லை.

கதவுகளைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நாய்கூடக் குரைக்கவில்லை. அஞ்சலை வீட்டுக் கதவு நிலையில் என் பெருக்கல் ஈரம் காயாமல் இருப்பதுபோல் பளிச்சென்று தெரிந்தது. கயிற்றை அவிழ்த்து உள்ளே போனேன். ஆடு இல்லை, குட்டி இல்லை. அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. அடுப்படியில் கழுவிக் கவிழ்த்த இரண்டு அலுமினியத் தட்டு. ஒன்று சின்னது. அஞ்சலைக்குப் பிள்ளை கிடையாது; வீட்டில் உள்ளவர்கள் எத்தனை பேர் என்ற கட்டத்தில் இரண்டு என்று நான்தான் எழுதியிருந்தேன், அவளும் அவள் புருஷனும். கயல் சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்குமேல் எதையும் நினைக்க முடியவில்லை.

"போலீஸ் வண்டி வருதுன்னு எவனாச்சும் சொல்லியிருப்பான். இல்ல, எங்க ஆளுங்க வராங்கன்னு சொல்லியிருப்பான்" என்றார் ஏழுமலை. "எல்லாம் கரும்புக் கொல்லையில பூந்திருப்பாங்க. நீங்க கூப்பிடுங்கம்மா. நான் கூப்பிட மாட்டேன். என் கொரலைக் கேட்டா இன்னும் உள்ளதான் போவாங்க."

சொல்லிவிட்டு, அவர் நாலடி பின்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டார்.

கரும்பு என் தலைக்கு மேல் ஒரு ஆள் உயரம். அதன் ஓரமாக நடந்துகொண்டே, "கயல், கயல்" என்று கூப்பிட்டேன். தோகை உரசும் சத்தம்தான் கேட்டது. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் நின்று, "ஏரிக்கரை மேல ஒரு பொம்பளை புள்ளையை இடுப்புல வெச்சிக்கினு டவுனு பக்கமாப் போச்சு. யாருன்னு பார்க்கலை" என்றார். எந்தப் பிள்ளை, என்ன சட்டை என்று கேட்டேன். "புள்ளைதான்" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஏரிக்கரை வழி எனக்குத் தெரியாது, சாலையோடு போனேன். உளுந்தூர்பேட்டைக்கு எவ்வளவு தூரம் என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியாது. பெரிய ரோட்டில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. ஓட்டுநர்கள் அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை மணி. கதவில் நான் போட்ட பூட்டு அப்படியே தொங்கியது. படியில் தணிகாசலம் சார் குடையோடு உட்கார்ந்திருந்தார். மறியல் என்று கேள்விப்பட்டு, நான் திரும்பிவிட்டேனா என்று பார்க்க வந்து, மதியத்திலிருந்து அங்கேயே இருந்திருக்கிறார். யாராவது வந்தார்களா என்று கேட்டேன். யாரும் பிள்ளையைக் கொண்டுவரவில்லை.

நடந்ததைச் சொன்னேன். "அப்படியா" என்று அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அந்த வீட்டைச் சொல்லும்மா" என்றார்.

"எந்த வீட்டை?"

"முப்பத்தொண்ணு. நீ பார்த்த மாதிரியே சொல்லு. சுவர்?"

"மண். ஈரம் ஏறியிருக்கு."

"தரை?"

"சாணம். பதினோரு குழி."

"கூரை?"

"கரும்புத் தோகை" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு தீக்குச்சி போதும் சார். நான் அங்க விட்டுட்டு வந்தேன். தகுதியில்லைன்னு எழுதிட்டு, அங்கயே விட்டுட்டு வந்தேன்."

"ஆடு குட்டி போட்டிருந்ததுன்னு சொன்னியே. குட்டியை எங்க படுக்க வெச்சிருந்தா?"

"அடுப்புக்குப் பக்கத்துல. சாக்கு விரிச்சு."

"அந்த இடத்துல குழி இருந்ததா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை சார். வீட்டுலயே ஒழுகாத இடம் அது ஒண்ணுதான்."

"ஆட்டுக்குட்டிக்கே அந்த இடத்தைக் குடுத்திருக்கா" என்றார். "உன் பொண்ணை எங்க வெச்சிருப்பான்னு நினைக்கிறே?"

அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

என் பெண் இப்போது சென்னையில் வீடு பார்க்கிறாள். எட்டாவது மாடி, பதினோராவது மாடி என்று படம் படமாக அனுப்புகிறாள். எல்லாப் படத்திலும் ஜன்னலும் வானமும்தான். பக்கத்து வீட்டில் யார், அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நான் கேட்டால், "அம்மா, அதெல்லாம் யாரும் பார்க்கிறதில்லை" என்கிறாள். முப்பது வயதாகிவிட்டது அவளுக்கு. இன்றும் ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவள் போனை எடுக்கவில்லை என்றால் எனக்குக் கரும்புத் தோகை உரசும் சத்தம் கேட்கிறது. இதைச் சொன்னால் அவள் சிரிக்கிறாள். அவளுக்கு அன்றைய தினத்தில் ஆட்டுக்குட்டி மட்டும்தான் ஞாபகம்.

அன்று வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது தெருமுனையில் ஒரு பெண் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எங்கள் தெருவுக்குள் திரும்பினாள். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். காலெல்லாம் சேறு. இடுப்பில் கயல்விழி, தலையை அவள் தோளில் போட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடியது எனக்கு ஞாபகமில்லை. பிள்ளையை வாங்கித் தலை, கை, கால் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. அஞ்சலையின் இரண்டு முழங்கையிலும் கரும்புத் தோகை அறுத்த கோடுகள்.

அஞ்சலை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். எங்கள் கதவையும் பூட்டையும், படியில் எழுந்து நின்ற சாரையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா பொம்பளைம்மா நீ? ரோட்டாண்ட போவ பயந்துக்கினு ஏரி, கழனியெல்லாம் சுத்தி நாலு மணிக்கே டவுனுக்கு வந்துட்டேன். அப்ப புடிச்சு தெருத் தெருவா அலையிறேன். உங்க வூடு எங்கடி கண்ணுன்னு கேட்டா, வேப்பமரத்தாண்டங்குது. எந்தத் தெருவுல வேப்பமரம் இல்ல? உங்கம்மா பேரு இன்னான்னா, அம்மாங்குது. ஊரு பூரா அடுத்தவங்க வூட்டுக்கு நம்பரு போட்டுக்கினு திரியிற, பெத்த பொண்ணுக்கு அது வூடு எதுன்னு சொல்லித் தரக் கூடாதா?"